கடன் அவள் சம்பளத்தில், வீடு அவன் பெயரில்

என் பெரியம்மா மகளும் அவளுடைய கணவரும் பிரிந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. யார் மீது பிழை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவருடைய விடயம். அவர்கள் பதினான்கு வருடங்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இலங்கை மலையகத்தில் அநேகக் குடும்பங்கள் எந்த நாளும் இதே இடத்தில் வந்து நிற்கக்கூடும்.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அத்தான் கல்யாணமாகி ஒரு வருடத்திலேயே தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டார். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வீட்டுக் கடன் கொடுத்தபோது செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் இருந்தது அக்காவுக்கு மட்டுமே. கடன் கிடைத்ததும் அதனால்தான். ஆனால் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றிருந்த இடத்தில் அத்தானின் பெயர் எழுதப்பட்டது. எழுதியவர் எதுவும் கேட்கவில்லை, அக்காவும் எதுவும் சொல்லவில்லை. பெண்ணின் சம்பளத்தைக் கணவன் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்த காலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகத்தான் பட்டிருக்கும்.

பிரிந்த பிறகு தோட்டத் தலைவர் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கூடிய பஞ்சாயத்து அரை மணி நேரத்தில் முடிந்தது. “வீடு அவன் பேர்ல இருக்கு தாயி, நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு” என்றார்கள். அம்மா வீடு என்பது அண்ணனும் அண்ணியும் மூன்று பிள்ளைகளும் ஏற்கனவே நெருக்கிப் படுக்கும் ஒரு லயக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை. அக்கா தன் இரண்டு பிள்ளைகளுடன் அங்கே போனாள். கடன் முடிய அப்போது பதினொரு மாதங்கள் மீதியிருந்தன. அந்தப் பதினொரு மாதமும், தான் கால் வைக்க முடியாத வீட்டுக்கான தவணை, சேமலாப நிதிக்கும் சங்கச் சந்தாவுக்கும் தீபாவளி முற்பணத்துக்கும் அடுத்த வரியில், அவளுடைய சம்பளச் சீட்டில் தவறாமல் பிடிக்கப்பட்டது.

இது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் பதில் சிக்கலாகிறது. நமக்குப் பொருந்துவது நாட்டின் பொதுச் சட்டம். 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள் மற்றும் உரித்துரிமைக் கட்டளைச் சட்டம், கல்யாணம் ஆவதால் மட்டும் கணவன் மனைவியின் சொத்துகள் பொதுச் சொத்தாகிவிடுவதில்லை என்று வைத்துவிட்டது. அவரவர் பெயரில் இருப்பது அவரவருடையது. 1923ஆம் ஆண்டில் வந்த கட்டளைச் சட்டம் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் விற்கவும் முழு உரிமை தந்தது உண்மைதான். ஆனால் பெயரே எழுதப்படாதவளுக்கு அந்த உரிமையால் என்ன பயன்? இதில் எனக்கு விளங்காத ஒரு வேடிக்கையும் உண்டு. உயில் எழுதாமல் கணவன் இறந்துபோனால், அதே 1876ஆம் ஆண்டுச் சட்டம் அவனுடைய சொத்தில் பாதியை மனைவிக்குக் கொடுக்கிறது. உயிரோடு பிரிந்தால் அந்தப் பாதி கிடையாது. நீதிமன்றத்தில் போராடித்தான் ஏதாவது பெற வேண்டும்.

வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. விவாகரத்துத் தீர்ப்போடு சேர்த்து, ஒருவருடைய சொத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றிக்கொடுக்கும்படி கட்டளையிட, குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவர் பெயரில் எழுதப்பட்ட சொத்தை நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது பணம் கொடுத்தவருக்காக வைத்திருப்பதாகக் கருத, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்திலும் இடமுண்டு. இரண்டுக்கும் அத்தாட்சி வேண்டும், சட்டத்தரணி வேண்டும், வழக்குத் தவணைக்குத் தவணை ஒரு நாள் பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து பஸ் ஏற வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் ‘தேடிய தேட்டம்’ என்றொரு சொல் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் தேடிய சொத்து என்று பொருள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதை இருவருக்கும் பொது என்றது, 1947ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பொதுமையைக் குறைத்துவிட்டது. அந்தச் சட்டம் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை விற்க முடியாத அந்தச் சட்டம் முழுவதுமாக நமக்கு வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். அந்தச் சொல் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அக்காவின் வீடு அச்சொட்டாக அதுதான்.

லயத்தில் இருந்தவரை இந்தக் கேள்வி எழவேயில்லை, ஏனென்றால் காம்பரா தோட்டத்துடையது, பிரிந்தவர்கள் பிரித்துக்கொள்ள அங்கே எதுவுமில்லை. இப்போது 7 பேர்ச்சஸ் காணியும், இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி வீடுகளும் வந்துவிட்டன. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1900 சதுர அடி. அவ்வளவு நிலம் நம்மவர் ஒருவரின் பெயரில் முதன்முறையாக எழுதப்படுகிறது. 7 போதாது, 10 வேண்டும், 20 வேண்டும் என்று மேடைகளில் பேசும் நம்முடைய தலைவர்கள், அது வீட்டுக்குள் யார் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதை ஏன் அதே குரலில் கேட்பதில்லை?

இருவர் பெயரும் போட்டால் நாளைக்குப் பெண் வேறொருவனோடு போய்விட்டால் காணி அந்நியனுக்குப் போய்விடும் என்று என் மாமா ஒருவரே என்னிடம் சொன்னார். ஆண் வேறொருத்தியோடு போனால் மட்டும் காணி வீட்டிலேயே தங்கிவிடுமா? மாமனார் வீட்டுப் பெயரில் காசைக் கொட்டிக் கட்டிவிட்டு, மைத்துனன்மாரால் வெளியே தள்ளப்பட்ட ஆண்களையும் நான் அறிவேன். அவர்களுக்கும் இதே நியாயம்தான் பொருந்த வேண்டும்.

சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது நம்முடைய வழக்கம். நீதிமன்றத்தில் அதுவே ‘கைவிட்டுப் போனாள்’ என்ற குற்றச்சாட்டாகத் திரும்பி வரலாம். துரத்தப்பட்டதாலேயே போனேன் என்று அப்போது நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அடி விழுகிற வீடென்றால் உயிர்தான் முதலில், வெளியேறுங்கள். ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிப்பவரை வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் வீட்டை விற்காமல் தடுக்கவும் நீதவானால் முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு வெளியேறுங்கள்.

அக்கா தன் சம்பளச் சீட்டுகளை ஓர் அங்கர் பால்மா டின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். போன மாதம் சட்டத்தரணியின் மேசையில் அவற்றை ஒவ்வொன்றாக விரித்து வருட வாரியாக அடுக்கினோம். மழை ஒழுகிய வருடத்துச் சீட்டுகளில் மை கரைந்து ஒன்றும் வாசிக்க முடியவில்லை, மற்றவை தெளிவாக இருக்கின்றன. வழக்கு எப்போது முடியும் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இந்த வாரம் காணி உறுதிக்குப் பெயர் எழுதுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று சொன்னாலும், இரண்டாவது பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.