ஊசி ஊருக்குள் வர வேண்டும்

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அதற்குப் பிறகு, கிராமங்களிலேயே செவிலியர்கள் போட்டுவந்த ஊசி நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைத் தூக்கி வர வேண்டும் என்றானது. அந்தத் துயரத்தின் நடுவில் எடுக்கப்பட்ட முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதன் பின் நடந்ததைப் பேசாமல் விட முடியாது.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற ஒரு வயதுக் குழந்தைகள் 2005-06இல் தமிழ்நாட்டில் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7 சதவீதம். அதே பத்தாண்டில் இந்தியா முழுவதற்குமான விகிதம் 43.5இலிருந்து 62 ஆக உயர்ந்தது. நாடே ஏறிக்கொண்டிருந்தபோது நாம் இறங்கியதற்கு, ஊசி ஊரைவிட்டுப் போனது ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்கள், பிறகு ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது என்று தாய் சேய் நல அட்டை நீள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி முதல் மூன்று தவணைகளையும் தவறாமல் போட்டுவிட்டு, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தவறவிட்டாள். அது நடவுக் காலம். பேருந்தோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவளை அறியாமை என்ற ஒரு சொல்லால் கடந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி மறுத்தவர்களில் நன்றாகப் படித்த பெற்றோரும் இருந்தார்கள். அந்த அச்சத்தை மருத்துவர்கள் பேசித்தான் போக்க வேண்டும். தூரத்தையும் கூலி இழப்பையும் பேச்சால் போக்க முடியாது.

2019-21 ஆய்வில் தமிழ்நாடு 89.2 சதவீதத்தை எட்டியது உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் தட்டம்மை பரவாமல் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தட்டம்மை ஊசியின் இரண்டு தவணையும் பெற்றிருக்க வேண்டும். மீதமுள்ள குழந்தைகளைச் செங்கல் சூளைகளிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலும், இன்று ஓர் ஊர் நாளை ஓர் ஊர் என்று இடம்பெயரும் குடும்பங்களிலும்தான் முதலில் தேட வேண்டும். அவர்களிடம் அட்டை இருக்காது. ஆகவே செவிலியரே தடுப்பூசிப் பெட்டியுடன் அங்கே போக வேண்டும்.

அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பல குழந்தைகளுக்கான மருந்து தூளாக இருக்கிறது. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிஞ்சுவதைக் கொட்ட வேண்டும். வீணாகிறதே என்ற தயக்கத்தில், “அடுத்த வாரம் வாம்மா, இன்னும் நாலு பிள்ளைங்க வரட்டும்” என்று தாயைத் திருப்பி அனுப்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் அடுத்த வாரம் அந்த ஊரில் இருக்கும் என்பது என்ன நிச்சயம்? வந்திருப்பது ஒரே குழந்தையானாலும் குப்பியைத் திறங்கள், மிச்சம் வீணானால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அந்தச் செவிலியருக்கு மேலதிகாரிகள் எழுத்தில் உறுதி தர வேண்டும்.