குழி விழுந்த பிறகுதான் பார்ப்போமா?

நேற்றிரவு முழுக்க அந்த வீடியோதான் ஓடுகிறது. கண்காட்சியில் ஒரு மாணவி, தெருவில் போடுவதற்கென்று பென்சிற்கரி (கிராஃபைட்) கலந்து செய்த கொங்கிறீட் துண்டைக் காட்டி, "பாரம் ஏறினா இதுவே சொல்லும்" என்கிறாள். "குழியை மூட வழியில்லை, ரோட்டுக்கு உணர்வு வேணுமாம்" என்று எழுதிச் சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. சீமெந்துக் கலவையில் காபன் நாரோ பென்சிற்கரித் தூளோ போதிய அளவு சேர்ந்ததும் மின்சாரம் ஓடப் பாதை கிடைத்துவிடும். அழுத்தினால் மின்தடை குறையும், இழுபட்டால் கூடும். உள்ளே வெடிப்பு விட்டால், கூடிய தடை பழைய அளவுக்குத் திரும்பாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, தடையை அளக்கும் மீற்றரில் தெரியும். அமெரிக்காவின் பஃபலோவில் பேராசிரியர் டெபோரா சுங் 1990களிலேயே செய்து காட்டியது இது. தார்க் கலவையிலும் செய்து பார்க்கிறார்கள்.

"பணக்கார நாட்டு வேலை" என்கிறீர்கள். இல்லை, காசு இல்லாதவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். வெடிப்பாக இருக்கும்போதே தெரிந்தால் கொஞ்சம் தார் ஊற்றி அடைத்துவிடலாம். மழைத்தண்ணீர் இறங்கி அடித்தளம் கரைந்த பிறகு தெருவையே கிண்ட வேண்டும். அந்தக் காசு எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைப் போன வருடம் குழாய்க்காகக் கிண்டி மூடினார்கள். மேலே கறுப்பாக, வழுவழுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. ஒக்டோபர் மழையில் அம்மா சந்தையிலிருந்து ஓட்டோவில் வர, முன் சில்லு அப்படியே உள்ளே போய்விட்டது. தேசிக்காயெல்லாம் சேற்றுத் தண்ணீரில் மிதந்தது. அம்மாவுக்கு இடுப்பில் அடி. இன்றைக்கும் கைப்பிடி இல்லாமல் படி ஏற மாட்டார். கீழே தாங்க ஒன்றுமில்லாமல் அந்தத் தார் ஒவ்வொரு வாகனத்துக்கும் வளைந்துகொண்டே இருந்திருக்கும். அந்த வளைவைத்தான் இந்தப் பிள்ளை அளக்கப் பார்க்கிறாள். இதற்கா சிரிப்பு?

வெயிலுக்கும் ஈரத்துக்கும் தடை மாறுமே என்று ஒரு இஞ்சினியர் அண்ணா கேட்டிருந்தார். மாறும். கொழும்பில் இரண்டுக்கும் குறைவில்லை, பெரிய சிக்கல்தான். அதனால்தான் வெப்பநிலையையும் கூடவே அளந்து கழிக்கிறார்கள். விலை? இதே வேலைக்குக் கலக்கும் காபன் நானோக் குழாய் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காபன் குழல்) விலை கூடத்தான். ஆனால் இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் நாங்கள் தோண்டி எடுக்கும் பென்சிற்கரி உலகிலேயே மிகத் தூய்மையானவற்றில் ஒன்று. அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பும்போது பேசாமல் இருக்கிறோம். எங்கள் பிள்ளை அதற்கு ஒரு பயன் காட்டினால் மட்டும் வாய் வருகிறது.

இன்னொன்று, வாகனத்தின் ஒரு அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் தெருவுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோயில் லொறிகளை ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு அது. இரவில் போகும் மணல் டிப்பர் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று தெருவே சொன்னால் யாருக்குச் சங்கடம்? உங்களுக்கும் எனக்கும் இல்லையே.

"முதலில் இருக்கிற குழியை மூடட்டும்." சரி, மூடட்டும். அவளா மூட வேண்டும்? மூடாமல் விட்டவர்கள் மேல் எனக்கும் கோபம் இருக்கிறது, என் அம்மா விழுந்திருக்கிறார். அவர்களிடம் கேட்கப் பயம், படிக்கிற பிள்ளையிடம் வீரம். அவள் சிங்களத்தில் தடுமாறியதைக் கூட விடவில்லை நீங்கள். மேடையில் முதல்முறை மைக் பிடிக்கிற பிள்ளை, கை நடுங்கியது தெரிகிறது. அதை வெட்டித் தனியாகப் போட்டுப் பாட்டு வேறு சேர்த்திருக்கிறீர்கள். நாளைக்கு அவள் மெல்பேர்னுக்குப் போய் அங்கே ஒரு பாலத்தில் இதைச் செய்தால், "எங்கள் தமிழ்ப் பிள்ளை" என்று முதலில் பகிரப்போவதும் நீங்கள்தான்.

வீடியோவை வெட்டிப் போட்டவர் என் நட்பில்தான் இருக்கிறார். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம், வீதி வேலை எடுத்துச் செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். யார்டு வாசலிலோ லொறி ஏறி இறங்கும் இடத்திலோ அவளுடைய கொங்கிறீட்டைப் போட்டுப் பார்க்க இரண்டு மீற்றர் ஒதுக்கித் தர முடியுமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். அவளுடைய ஆசிரியரிடம் நானே பேசுகிறேன்.