இது காலி இடம் அல்ல

ஐந்து நாள் பொருட்காட்சி நேற்றிரவு முடிந்தது. இன்று காலை ஐந்தரை மணிக்கு, நான் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுடன் மைதானத்துக்குப் போனால், ஒன்றாம் ஓடுபாதையில் மட்டும் 14 பந்தல்கால் குழிகள், ஒவ்வொன்றும் முழங்கால் ஆழத்தில், ஒரு கூடை மண்கூடப் போடாமல் வாய் பிளந்து கிடக்கின்றன. போன ஆண்டு இதே மாதிரி ஒரு குழியில் கால் வைத்துத்தான், 600 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி கணுக்கால் பிசகி விழுந்தாள். மாவட்டப் போட்டிக்கு அப்போது ஒன்பதே நாள் இருந்தது. வலியைவிட, "சார், நான் ஓட முடியாதா?" என்று அவள் கேட்டதுதான் இன்றுவரை என் நெஞ்சில் நிற்கிறது.

இந்த ஓடுதளம் தானாக வந்ததல்ல. எங்கள் மைதானத்தில் 400 மீட்டர் தளத்துக்கு இடமில்லை என்பதால், 40 மீட்டர் நேர்பகுதிகளும் 18 மீட்டர் 90 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரண்டு வளைவுகளுமாக 200 மீட்டர் தளத்தை நாங்களே அளந்து போட்டோம். வளைவுகளின் மையத்தில் தரைமட்டத்துக்கு இரண்டு இரும்பு முளைகளை அறைந்து, அவற்றில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சுற்றி வர, பின்னாலேயே நான் கோடு போட்டுக்கொண்டு வருவேன். சுண்ணாம்புத் தூள் வெறுங்காலைப் புண்ணாக்கிவிடும்; எங்களிடம் ஓடும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செருப்பைத் தவிர வேறு காலணி இல்லை. அதனால் கோலமாவைத்தான் மூட்டையாக வாங்குகிறோம். ஒவ்வொரு பாதைக்கும் 1.22 மீட்டர் அகலம் விட்டு, வெளிப்பாதை நீளம் கூடுதல் என்பதால் ஒரு முழுச் சுற்றுக்கு அடுத்த பாதைக்காரர் 7 மீட்டர் 67 சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும் என்ற கணக்கை ஏழாம் வகுப்புப் பையன்கள் நோட்டில் போட்டு, டேப் பிடித்துத் தரையில் குறித்திருந்தார்கள். அந்த இரண்டு முளைகளையும் ஜேசிபி பெயர்த்து எறிந்திருக்கிறது. முளை போனால் கோட்டை மட்டும் திரும்பப் போட்டு ஒப்பேற்ற முடியாது. மொத்த மைதானத்தையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

முறையிடப் போனால், சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எப்போதும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "காலி இடம்தானே சார், அனுசரித்துப் போங்கள்." காலை ஐந்தரை முதல் ஏழரை வரை பயிற்சிக்கு அனுமதி அளித்து அவர்களே கையெழுத்திட்ட கடிதம் என் கையில் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக, கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட வாங்காமல் நான் பயிற்சி கொடுக்க, 46 பிள்ளைகள் நாள்தோறும் ஓடும் இடத்தைக் காலி இடம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? மைதானத்தைச் சீர்செய்வதற்கென்று பொருட்காட்சிக்காரர்களிடம் வைப்புத்தொகை வாங்குகிறார்களே, அதில் ஒரு வண்டி மண்ணாவது இதுவரை இங்கே வந்து கொட்டப்பட்டிருக்கிறதா?

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்காக. வெறுங்காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போன மதுரையின் ரேவதி வீரமணியைப் பற்றியும், ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பனைப் பற்றியும் இதே மைதானத்து மேடைகளில் எத்தனை பேர் முழங்கியிருக்கிறார்கள் தெரியுமா! அப்படிப் பேசுகிறவரின் காலுக்குக் கீழே, மேடைக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பு எங்கள் பிள்ளைகளின் ஓடுபாதையைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. கைதட்டல் முடிந்து அவர்கள் காரில் ஏறிய பிறகு அந்தக் குழியை மூடுவது யார் என்று அவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நீளம் தாண்டும் மணல்குழியைப் பற்றிச் சொல்லவே கூசுகிறது. சாப்பிட்ட இலைகளையும் பாக்குமட்டைத் தட்டுகளையும் கொட்டியதோடு விடாமல், மது பாட்டில்களையும் அதில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். கொத்தனாரிடம் இரும்புச் சல்லடையை இரவல் வாங்கி, பெரிய பையன்களும் நானும் மணல் முழுவதையும் சலித்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசிச் சலிப்பிலும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கண்ணாடிச் சில்லு வந்தது. 11 வயதுக் குழந்தை ஓடி வந்து முழு வேகத்தில் விழும் இடம் அது.

பத்தாம் வகுப்பு வந்தவுடன் பிள்ளையை நிறுத்திவிடும் பெற்றோரிடம் நான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிறேன். "காலை உடைத்துக்கொண்டு வந்தால் பரீட்சை எழுதுவது யார்?" என்று ஒரு தாய் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்தக் குழிகளை அவரும் பார்த்திருக்கிறார்.

அடுத்த மாதம் இங்கே பொதுக்கூட்டம் என்று இன்றே பேனர் கட்டிவிட்டார்கள். கூட்டம் நடத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்கு ஓரத்தில், ஓடுபாதைக்கு வெளியே, மேடை போடத் தாராளமாக இடமிருக்கிறது. அங்கே போடுங்கள். தோண்டிய குழியை அன்றிரவே மண் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டுக் கெட்டியாக்கிவிட்டுப் போங்கள். நாளைக் காலை முளைகளை மறுபடியும் அளந்து அறைந்து, இந்த முறை தலைகளில் சிவப்பு பெயின்ட் அடிக்கப் போகிறோம். வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கு அது படாமல் போகாது.