லோகோவை இழுத்து நீட்டும் கைகளுக்கு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை ஆகிறது. சுங்கை சிப்புட் டவுனே அடங்கிவிட்டது. பிள்ளைகள் தூங்கி இரண்டு மணி நேரமாகிறது. நான் மட்டும் உட்கார்ந்து, யாரோ பக்கவாட்டில் இழுத்து நீட்டிவிட்ட கம்பெனி லோகோவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். இந்த மாதம் இது 43-ஆவது ஸ்லைடு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் செம்பனைத் தோட்டங்களின் வட்டார அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ஐந்து தோட்டம், ஒரு மில். குலை எத்தனை டன், ஆள் எத்தனை பேர், யாருக்கு அடிபட்டது என்று மாதாமாதம் ஒவ்வொரு இடத்திலிருந்தும் பவர்பாயிண்ட் ஸ்லைடு வரும். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, திங்கட்கிழமை காலை 9 மணிக் கூட்டத்துக்குத் தயார் செய்வது என் வேலை. இதற்கென்று தலைமையகம் ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரிக் கோப்பு, கொடுத்திருக்கிறது. எல்லாருடைய கணினியிலும் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர் ஒரே ஒருவர்தான்.

டெம்ப்ளேட் கோப்பை இரண்டு தடவை கிளிக் செய்தால் பெயரில்லாத புதுக் கோப்பு ஒன்று திறக்கும். அதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? போன வருஷக் கோப்பைத் திறந்து, மேலேயே அழித்து எழுதி, வேறு பெயரில் சேமிக்கிறார்கள். அடியில் போன வருஷத் தேதி அப்படியே நிற்கிறது. மேனேஜர் சார் கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்கிறார், "என்னம்மா, இது எந்த வருஷத்துக் கணக்கு?" கேள்வி எனக்கு வருகிறது. செய்தவர் பேசாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் அந்த டெக்ஸ்ட் பாக்ஸ். இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது, விவரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பிளேஸ்ஹோல்டர் என்று பெயர். உள்ளே கிளிக் செய்து தட்டினால் எழுத்தளவு, நிறம், இடம் எல்லாம் தானாக வந்துவிடும். இவர்கள் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, வெறும் ஸ்லைடில் சொந்தமாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து, அதில் தலைப்பு எழுதுகிறார்கள். கேட்டால், "அட, பார்க்க ஒன்றுதானே தங்கச்சி!"

ஒன்று இல்லை அண்ணே. பிளேஸ்ஹோல்டரில் எழுதியதை மட்டும்தான் பவர்பாயிண்ட் தலைப்பு என்று தெரிந்துகொள்ளும். நீங்கள் வரைந்த பெட்டி அதற்கு வெறும் படம் மாதிரி. தலைப்புகளை மட்டும் வரிசையாகக் காட்டும் அவுட்லைன் வியூவைத் திறந்தால் உங்கள் ஸ்லைடுகள் எல்லாம் தலைப்பே இல்லாமல் காலியாகக் கிடக்கின்றன. 60 ஸ்லைடு கொண்ட கோப்பில் உங்கள் தோட்டத்தை நான் எப்படித் தேடுவேன்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்கள் அவரவர் இடத்தில் வரிசையாக நின்றால்தானே, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் வாசிக்க முடியும்? ஆளாளுக்குக் களத்தின் மூலையில் நின்றால் யார் வந்தார், யார் வரவில்லை என்று எப்படித் தெரியும்? அது உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஸ்லைடு என்று வந்தால் மட்டும் மறந்துவிடுகிறீர்கள்.

போன வருஷம் தலைமையகம் தலைப்பின் நிறத்தை மாற்றியது. எல்லா ஸ்லைடுக்கும் அடிப்படையான ஸ்லைடு மாஸ்டரில் ஒரே இடத்தில் மாற்றினேன். ஒழுங்காகச் செய்த ஸ்லைடுகள் எல்லாம் ஒரு நொடியில் மாறின. டெக்ஸ்ட் பாக்ஸ் ஸ்லைடுகள் ஒன்றுகூட அசையவில்லை. டெம்ப்ளேட்டில் உள்ளபடி திருப்பிவைக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிக்குத் திரும்பிப் போக ஒரு இடமே கிடையாது. ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

லோகோ ஏற்கெனவே மாஸ்டரில் இருக்கிறது. எல்லா ஸ்லைடிலும் தானாக வரும். அதற்கு மேல் இன்னொரு லோகோவை எங்கிருந்தோ வெட்டி வந்து எதற்கு ஒட்டுகிறீர்கள்? ஒட்டியதும் அதன் மூலையைப் பிடித்து இழுத்தாலாவது அளவு கெடாது. நடுப்பக்கத்தைப் பிடித்து இழுத்து, வட்டமான சின்னத்தை முட்டையாக்கி வைக்கிறீர்கள். ஒரு தோட்டம் இன்னும் பழைய 4:3 ஸ்லைடுதான் அனுப்புகிறது. பவர்பாயிண்ட் 2013-லேயே 16:9 அகலத்துக்கு மாறிவிட்டது. அந்தப் பழைய ஸ்லைடுகளைக் கொண்டுவந்து ஒட்டும்போது "கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்" என்பதை அழுத்துகிறார்கள். பழைய மாஸ்டர் முழுசாகக் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த மாதக் கோப்பில் ஆறு மாஸ்டர். எண்ணிப் பார்த்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு என்று விட்டுவிடுவேன். போன மாதம் நடந்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஒரு தோட்டத்தில் வயதான மண்டோர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மருந்தடிக்கும் அக்காமாருக்கு அவர்தான் பாதுகாப்பு விவரம் சொல்லிக்கொடுப்பார். அந்த அக்காமாரில் பலர் தமிழ் மட்டும்தான் நன்றாக வாசிப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இங்கே மலேசியாவில் 2020 ஜனவரியில் தடை செய்தார்கள், சரி. மற்ற மருந்துகளும் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும். அதனால் அண்ணன் தன் பழைய கணினியில் தானே உட்கார்ந்து ஒரு ஸ்லைடு செய்தார். "கையுறை, முகக்கவசம், பூட்ஸ் இல்லாமல் யாரும் மருந்துப் பம்பை முதுகில் மாட்டக் கூடாது." அவ்வளவு தெளிவான வரி. அதை நாம் எழுதிக்கொடுக்க வேண்டியது, அவர் எழுதினார்.

அவர் தட்டியது பழைய எழுத்துருவில். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தி வைத்தவை. எழுத்துருவை மாற்றினால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குப்பை வெளியே வந்துவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யுனிகோடு அப்படி இல்லை, 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கென்று தனி இடம் உண்டு. இது தெரியாதது அவர் குற்றமில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் ஒருவர் அந்த ஸ்லைடை டெம்ப்ளேட்டில் ஒட்டி, கம்பெனி எழுத்துருவுக்கு மாற்றி, என்ன ஆனது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல், கூட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவைத்தார். திறந்து சரிபார்க்க எனக்கு நேரமே இல்லை. பெரிய திரையில் அந்த வரி புள்ளியும் கோடும் ஆங்கில எழுத்துமாக வந்து நின்றது.

ஒரு சார் சொன்னார், "தமிழ் ஸ்லைடு எதற்கு? மலாயில்தான் இருக்கிறதே, இதை எடுத்துவிடுங்கள்." எடுத்துவிட்டார்கள். அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

டெம்ப்ளேட் செய்தவர்களையும் நான் சும்மா விட மாட்டேன். ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் பார்த்துப் பார்த்து எழுத்துரு தேர்ந்தெடுத்தீர்கள். இந்தத் தோட்டங்களில் தமிழ் வாசிக்கிறவர்கள் இருப்பது தெரியாதா? தமிழ் எழுத்துரு என்று எதையும் வைக்கவில்லை. கணினி தனக்குத் தோன்றிய எழுத்துருவைப் பிடித்துப் போடுகிறது. பவர்பாயிண்ட்டின் சொந்தத் தீமில் தமிழுக்கு லதா என்ற எழுத்துருவைக் குறித்திருக்கும். ஆனால் விண்டோஸ் 10-இல் லதா தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். நிர்மலா யுஐ என்ற எழுத்துரு எல்லா விண்டோஸ் 10 கணினியிலும் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு அளந்து இறுக்கி வைத்திருக்கிறீர்கள். மேலே "கீ"யின் சுழி, கீழே "பூ"வின் வளைவு, இரண்டும் அடுத்த வரியில் போய் இடிக்கின்றன. இரண்டு தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

அதனால் நானே மாஸ்டரில் "தமிழ்" என்று ஒரு லேஅவுட், அதாவது ஸ்லைடு அமைப்பு, சேர்த்திருக்கிறேன். நிர்மலா யுஐ, தளர்வான வரி, பெரிய எழுத்து. எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. யுனிகோடில் தட்டத் தெரியாதவர்கள் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள், நான் தட்டித் தருகிறேன். அந்த வேலைக்கு எந்த ராத்திரியும் நான் உட்காரத் தயார். ஆனால் அடுத்த மாதம் முதல் நீட்டிய லோகோவோடும் டெக்ஸ்ட் பாக்ஸ் தலைப்போடும் வரும் கோப்பைத் திறந்த கையோடு திருப்பி அனுப்புவேன். சார் அனுப்பினாலும் சரி, அண்ணன் அனுப்பினாலும் சரி.

மண்டோர் அண்ணனின் வரியை இப்போதுதான் யுனிகோடில் தட்டி முடித்தேன். நாளைய கோப்பில் ஏழாவது ஸ்லைடு. அதை எடுக்கச் சொல்கிறவர், முதலில் அந்த அக்காமாரிடம் போய் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு வரட்டும்.