டங்கன்சனோட ஆப்பிளை முதல்ல பாருங்க

நேத்து ராத்திரி ரொம்ப நேரம் ஒரு சின்ன படத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு மேசை, அதுல கோபுரம் மாதிரி அடுக்கி வச்ச பழம், சுத்தி இறைஞ்சு கிடக்குற நட்ஸ், பின்னாடி இருட்டு, அவ்ளோதான் படம். ராபர்ட் டங்கன்சன்னு ஒரு அமெரிக்கக் கருப்பின ஓவியர் 1848ல வரைஞ்சது. வாஷிங்டன்ல நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்ல இருக்கு, அவங்க சைட்லயே பெருசாக்கிப் பாக்கலாம்.

டங்கன்சனைப் பத்தி எங்க படிச்சாலும் இந்த மாதிரி படங்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஆரம்பத்துல ஸ்டில் லைஃப், அதாவது மேசைமேல வச்ச பழம் பாத்திரம் மாதிரி படம் செஞ்சாரு, அப்புறம் லேண்ட்ஸ்கேப்புக்கு, அதாவது நிலக்காட்சிக்கு வளந்தாரு அப்படின்னு. இந்த ‘வளந்தாரு’ங்கிற வார்த்தைதான் எனக்கு ஆகவே மாட்டேங்குது. ஐரோப்பாவுல ஓவிய அகாடமிக்காரங்க என்னைக்கோ ஒரு வரிசை போட்டு வச்சாங்க, புராணம் வரலாறு எல்லாம் மேல, பழமும் பாத்திரமும் கடைசில, அதையே இன்னைக்கும் தூக்கிட்டு வந்து ஒரு மனுஷன் கை எப்படி வேலை செஞ்சதுன்னு பாக்காமலே மார்க் போடுறோம்.

ஆப்பிளை மட்டும் கொஞ்சம் பாருங்க. ஒரு தடவையாவது கலர் எடுத்து ஆப்பிள் போட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும், உருண்டையா வரைஞ்சிடலாம், ஆனா அந்த வழவழப்பு வராது, வெளிச்சம் விழுற இடத்துல வெள்ளையைக் கொஞ்சம் கூட வச்சா பிளாஸ்டிக் ஆயிடும், குறைச்சா துணிப் பந்து ஆயிடும். டங்கன்சன் அந்த வழவழப்பைக் கொண்டு வந்துட்டு அதுக்குப் பக்கத்துலயே சொரசொரப்பான ஓட்டோட நட்ஸை வைக்கிறாரு. ஒண்ணு இருக்குறதாலதான் இன்னொண்ணு தெரியுது. அங்க அவர் தூரிகை பிடிக்கிற விதமே மாறிடுது, பழத்துமேல ஒரு கோடு கூடத் தெரியாம இழைச்சவரு ஓட்டு மேல குத்திக் குத்தி வைக்கிறாரு. நான் அந்த இடத்துலயே நின்னுட்டேன்.

இது எங்கேர்ந்து வந்துச்சு? அவர் எந்த ஓவியப் பள்ளிக்கும் போனவர் இல்ல. 1821ல நியூயார்க் மாநிலத்துல பொறந்து, மிச்சிகன்ல மன்ரோங்கிற ஊர்ல வளந்தவரு, குடும்பத் தொழிலே தச்சு வேலையும் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதும்தான். 1838ல பதினேழு வயசு வாக்குல ஒரு கூட்டாளியோட சேந்து பெயிண்ட் அடிக்கிற, கண்ணாடி மாட்டுற கம்பெனி ஆரம்பிச்சு உள்ளூர் பேப்பர்ல விளம்பரமும் குடுத்திருக்காரு. அந்தக் காலத்து பெயிண்டர்னா சுவத்துக்கு வெள்ளை அடிக்கிறதோட முடியாது, சாதா பலகையில ஓக் மரத்து ரேகையைக் கொண்டு வரணும், மரத்தூணைப் பளிங்கு மாதிரி காட்டணும், இதெல்லாம் அந்தத் தொழில்லயே உண்டு. ஒரு பரப்பைப் பாத்த உடனே இதுக்கு எத்தனை கோட், எந்த பிரஷ்னு கை தானா முடிவு பண்ற அந்தப் பழக்கம்தான் இந்தப் பழத்துலயும் ஓட்டுலயும் இருக்குன்னு நான் நம்புறேன். அதனாலதான் இதை வெறும் பயிற்சின்னு சொன்னா கோபம் வருது.

1840 வாக்குல ஓவியரா ஆகணும்னு சின்சினாட்டிக்குப் போறாரு. அச்சுப் படங்களைப் பாத்துப் பாத்து வரைஞ்சு கத்துக்கிறாரு, ஊர் ஊராப் போய் ஆளுங்க முகம் வரைஞ்சு பொழைக்கிறாரு. சின்சினாட்டி அன்னைக்கு எப்படிப்பட்ட ஊர்னா, ஒஹையோ ஆத்துக்கு இந்தப் பக்கம் அடிமைமுறை கிடையாது, அந்தப் பக்கம் கென்டக்கில உண்டு. 1841ல வெள்ளைக்கார கும்பல் பீரங்கியை இழுத்துட்டு வந்து கருப்பின மக்கள் குடியிருந்த தெருவுல சுட்டிருக்கு. ஒஹையோவுல இருந்த கருப்பர் சட்டங்கள்படி வெள்ளைக்காரர் சம்பந்தப்பட்ட வழக்குல கருப்பர் சாட்சி சொல்ல முடியாது, அது மாறுனது 1849லதான். அதாவது இந்தப் பழத்தை வரைஞ்சப்போ, தன் கண்ணால பாத்ததை அந்த ஊர் கோர்ட்ல வெள்ளைக்காரருக்கு எதிரா சொல்ல டங்கன்சனுக்கு உரிமை கிடையாது. அப்படிப்பட்ட ஆளு ஒரு மேசையில இருக்குறதை இவ்வளவு துல்லியமாப் பாத்து வச்சிருக்காரு. இந்தக் கதையைச் சொல்லியே ஆகணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இதைச் சொல்லி முடிச்ச உடனே படத்தைப் பாத்துட்ட மாதிரி நினைச்சு நகந்துடுறோம் பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி. நிக்கோலஸ் லாங்வொர்த்னு ஒயின் வியாபாரத்துல பெரிய ஆளு, தன்னோட வீட்டுச் சுவர்ல எட்டு பெரிய நிலக்காட்சி வரைய வச்சாரு, பின்னாடி யாரோ அதுமேல வால்பேப்பர் ஒட்டி, 1930கள்லதான் திரும்ப வெளிய வந்துச்சு, இப்போ அந்த வீடு டாஃப்ட் மியூசியம். 1851ல லிட்டில் மயாமி ஆத்தங்கரைப் படம், 1853ல ஐரோப்பா, அப்புறம் கனடா, ஸ்காட்லாந்துன்னு பேரு பரவுச்சு. 2021ல பைடன் பதவியேற்பு அன்னைக்குக் காட்டுன வானவில் படமும் இவரோடதுதான்.

ஸ்டில் லைஃப் மட்டும் 1840கள் கடைசில சில வருஷம்தான், இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சது ஒரு டஜனுக்கும் கம்மி. நேஷனல் கேலரி 2011ல, அவர் செத்து 139 வருஷம் கழிச்சு, முதன்முதலா இவரோட படம் ஒண்ணு வாங்குறப்போ எடுத்தது இந்தப் பழத்தைத்தான். அந்த முடிவு எடுத்தவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை.

கடைசிக் காலத்துல அவருக்கு மனநிலை ரொம்ப பாதிச்சு, 1872 டிசம்பர்ல மிச்சிகன்ல மனநல விடுதியிலதான் இறந்தாரு. வாழ்நாள் பூரா கையில பட்ட, மூச்சுல போன பெயிண்ட்ல இருந்த ஈயம் காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இதைப் படிச்சதுக்கப்புறம் மறுபடி ஆப்பிள் மேல இருக்குற அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளியைப் போய்ப் பாத்தேன். அந்தக் காலத்துல பெயிண்டர்ங்க கையில இருந்த முக்கியமான வெள்ளையே ஈயத்துல செஞ்சதுதான்.

நீங்களும் பாருங்க. பக்கத்துல எழுதியிருக்குற குறிப்பை அப்புறம் படிச்சுக்கலாம், முதல்ல நல்லா பெருசாக்கி அந்த நட்ஸ்கிட்ட போங்க.