பக்கத்து வகுப்புக்காரர்களுக்கு ஒரு நன்றி, கொஞ்சம் கோபத்தோடு

ஆசிரியர்களைப் பாராட்டி வருகிற பதிவு எதை எடுத்தாலும் அதில் ஒரே ஒருத்தர்தான் இருப்பார். ஒரு வகுப்பு, ஒரு கரும்பலகை, தன்னந்தனியாக நின்று பிள்ளைகளின் தலையெழுத்தையே மாற்றிய ஒரு மகான். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காக இந்த வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மகான் அன்றைக்கு வகுப்பில் நிற்பதற்கே இரண்டு மூன்று பேர் பின்னால் வேலை பார்த்திருப்பார்கள். அவர் லீவு போட்ட நாளில் அவருடைய பீரியடைப் பார்த்துக்கொண்டவர், மார்க் என்ட்ரி முடியாமல் அவர் முழி பிதுங்கி நின்றபோது பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தவர், மதியம் ஸ்டாஃப் ரூமில் அவர் புலம்பலை முழுசாகக் கேட்டவர். இவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் வராது. அதனால் இந்தப் பதிவு அவர்களுக்கு.

வெளியில் இருக்கிறவர்கள் நினைப்பது போல இது எப்போதும் நாலு பேரோடு கலகலப்பாக இருக்கிற வேலை இல்லை. நாள் முழுக்கக் கூட்டத்துக்கு நடுவில்தான் நிற்கிறோம், ஆனால் நம் வயதை ஒத்த, நம் வேலை தெரிந்த ஒரு மனிதரோடு நின்று பேச நாளைக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். முட்டை அடுக்குகிற அட்டையில் ஒவ்வொரு முட்டையும் தன் குழிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பது போல, ஒவ்வொரு ஆசிரியரும் தன் அறைக்குள் தனியாக என்று பள்ளிக்கூடங்களை வர்ணிக்கும் வழக்கமே அவரை ஒட்டித்தான் பரவியது. அவர் எழுதி அரை நூற்றாண்டு ஆகிறது. புரொஜெக்டர் வந்துவிட்டது, ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, கதவைச் சாத்தினால் உள்ளே நாம் மட்டும்தான் என்பது அப்படியே இருக்கிறது.

ரொம்பச் சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கிறேன், யாரும் சிரிக்க வேண்டாம். பாத்ரூம். மற்ற வேலைகளில் எழுந்து போய்விட்டு வரலாம். நாங்கள் போக முடியாது. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே போய், அந்த ஐந்து நிமிஷத்தில் ஒருவன் பெஞ்சு மேலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது? "டீச்சர், என் கிளாஸையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொன்னதும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு கதவுக்கும் நடுவில் வராந்தாவில் வந்து நின்றுகொண்டு, தன் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டே என் பிள்ளைகளையும் ஒரு பார்வையிலேயே அடக்கி வைக்கிற ஒருத்தர் பக்கத்தில் இருக்கிறார் பாருங்கள், அவருக்கு எந்த விருதும் போதாது. மாதவிடாய் நாட்களில், கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் இதன் அருமை தெரியும். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மேலே போவோம்.

சக ஆசிரியரின் உதவி என்றால் இப்படிச் சுமையைப் பகிர்வது மட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. என்னை இந்த வேலைக்குத் தயார் செய்ததே அவர்கள்தான். பி.எட். படித்துவிட்டுத்தான் வந்தேன், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அங்கே படித்ததை வைத்துக்கொண்டு முதல் வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

ஒரு உதாரணம். பின்னங்கள் நடத்துகிறேன். ஒன்றின் கீழ் இரண்டு, கூட்டல் ஒன்றின் கீழ் மூன்று. பாதி வகுப்பு 2/5 என்று எழுதி வைத்திருக்கிறது. மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டார்கள். மீண்டும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு, அதாவது எல்.சி.எம்.) எடுத்துக் காட்டினேன், போர்டு நிறையப் போட்டேன், தலையாட்டினார்கள், அடுத்த நாள் மறுபடியும் 2/5. ஸ்டாஃப் ரூமில் நோட்டுகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, எங்களில் மூத்த கணக்கு டீச்சர் ஒருவர் ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தார். "இவங்களுக்குக் கூட்டத் தெரியாம இல்லம்மா. இதை ஒரு எண்ணாவே பார்க்கலை, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு எண்ணாப் பார்க்கிறாங்க. நாளைக்குக் கூட்டவே விடாதே. 2/5 பெருசா, பாதி பெருசான்னு மட்டும் கேளு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அதை மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், 2/5 பாதியை விடக் கம்மி. பாதியோட இன்னொண்ணைக் கூட்டினா எப்படி மிஸ் கம்மியாகும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்த பிறகு மீ.சி.ம. நடத்துவது ஒரு வேலையே இல்லை.

அந்த டீச்சர் சொன்னதைக் கணக்கு அறிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கணக்கு எனக்கும் தெரியும். பிள்ளைகள் எங்கே, எதனால் தடுக்கி விழுவார்கள் என்ற அறிவு அது. லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-ல் இதைத் தனி வகை அறிவாகவே எடுத்துக் காட்டினார், பாடம் தெரிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்திருப்பது வேறு என்று. அது பெரும்பாலும் பழைய நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில், பல வருஷம் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போன ஒருத்தரின் வாயிலிருந்துதான் வருகிறது. அதை அவர் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் கிளாஸ் ரிசல்ட் என் கிளாஸைவிட நன்றாக வந்துவிட்டுப் போகும், யார் கேட்கப் போகிறார்கள்? சொல்லிக் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் பெரிய மனுஷி.

இது என் தனிப்பட்ட நெகிழ்ச்சி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கிராபோ ஜாக்சன், எலியஸ் ப்ரூக்மன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துத் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் பல வருஷத் தேர்வு மதிப்பெண்களை எடுத்து அலசி, 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ஆசிரியரின் பக்கத்தில், அதே வகுப்பு நிலையில், திறமையான சக ஆசிரியர்கள் வந்து சேர்ந்தால் இந்த ஆசிரியரின் பிள்ளைகளும் கூடுதலாக முன்னேறுகிறார்கள். அந்தத் திறமைசாலிகள் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட்கூட எடுக்கவில்லை! அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம்தான் இந்தப் பலன் அதிகமாகத் தெரிந்தது, அது வந்த வருஷத்தோடு முடிந்தும் போகவில்லை. பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்பது என் பிள்ளைகளின் மார்க்கில் தெரிகிறது என்றால், தனி ஆளாக நிறுத்தி வைத்து "உங்க கிளாஸ் ரிசல்ட் ஏன் குறைஞ்சுது" என்று விளக்கம் கேட்கிற மீட்டிங்குகளை என்னவென்று சொல்வது?

ஜப்பானில் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள், எங்கே முழிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாரும் சேர்ந்து போட்ட பாடம் என்பதால் குறை சொன்னாலும் அது நடத்தியவர் தலையில் மட்டும் விழாது. நம் அனுபவத்தில் கடைசி பெஞ்சில் யாராவது வந்து உட்கார்ந்தால் அது இன்ஸ்பெக்ஷன். உள்ளங்கை வேர்க்கும், பிள்ளைகளும் பயந்துபோய்ப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சக ஆசிரியர் ஒருவரை நானாகக் கூப்பிட்டு, "வந்து பாருங்க, எங்க போரடிக்குதுன்னு சொல்லுங்க" என்று கேட்கிற அளவுக்கு நம்பிக்கை வர எனக்கே ரொம்ப காலம் ஆனது. அப்படி வந்து பார்த்தவர் சொன்ன முதல் வாக்கியம், "நீங்க கேள்வி கேட்டுட்டு பதில் வர்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுறீங்க." சுருக்கென்றது. ஆனால் அதை என் முகத்துக்கு நேராக, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். ஹெச்.எம். காதுக்கும் போகவில்லை, ஸ்டாஃப் ரூமிலும் பரவவில்லை. ஆதரவு என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

ஏனென்றால் ஸ்டாஃப் ரூமில் ஆதரவு என்ற பெயரில் இன்னொன்றும் நடக்கும். நாம் ஒரு பையனைத் திட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால், "ஆமா டீச்சர், அவன் அண்ணனும் அப்படித்தான், அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று நாலு பேர் கூடி ஒத்து ஊதுவார்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். பையன் கதை அன்றோடு முடிந்தது, அடுத்த வருஷம் அவன் எந்த வகுப்புக்குப் போனாலும் அந்த முத்திரையோடுதான் போவான். எனக்குக் கிடைத்த நல்ல சகாக்கள் முதலில் என்னைப் பேச விட்டார்கள், கொட்டித் தீர்த்த பிறகு, "சரி, அவன் காலையில வரும்போதே அப்படித்தான் இருந்தானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். என் பக்கமும் நின்று, பையன் பக்கமும் நிற்கிறவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தாலே அந்த ஸ்டாஃப் ரூமின் பேச்சு மாறிவிடும்.

பெற்றோர் வந்து சத்தம் போடுகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முன்னாலேயே, வகுப்பு வாசலில் நின்று ஒரு அப்பா குரலை உயர்த்துகிறார். வாய் உலர்ந்துவிடுகிறது, தவறு நம்முடையதா இல்லையா என்பதே மறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு சார் மெதுவாக வந்து, அவரையும் தடுக்காமல், என்னையும் விட்டுக்கொடுக்காமல், "வாங்க சார், உட்கார்ந்து பேசலாம், டீச்சர் நோட்டெல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நோட்டு எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கொண்டேன். பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, "நான் இல்லேன்னா அன்னைக்கு..." என்று ஆரம்பித்ததே இல்லை. உதவி செய்கிறவர்கள் நிறைய, செய்ததைக் கணக்கு வைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

அப்புறம், சக பணியாளர் என்றால் ஆசிரியர்கள் மட்டும்தானா? எந்தப் பிள்ளை கழிப்பறையில் போய் அழுகிறது என்று எனக்கு முன்னால் தெரிந்திருப்பது துப்புரவு செய்கிற அக்காவுக்குத்தான். யாருடைய அப்பா வேலை இழந்தார், யாருக்குக் கட்டணம் கேட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது ஆபீஸ் கிளார்க்குக்குத் தெரியும். லேப் அசிஸ்டென்ட் முந்தின நாளே ஒரு தடவை செய்து பார்த்து வைக்கவில்லை என்றால் என் செயல்முறை வகுப்பு பாதி நாள் புகையோடு முடிந்திருக்கும். உலக ஆசிரியர் நாள் என்று 1994-லிருந்து அக்டோபர் 5-ஐக் கொண்டாடுகிறார்கள், சந்தோஷம். அன்றைக்கு மேடையில் எங்களை உட்கார வைக்க நாற்காலி தூக்கிப் போடுகிறவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இனி கோபம். பாராட்டு என்பது சில இடங்களில் ஒரு பொறி. ஒருவர் யார் கேட்டாலும் மறுக்காமல் செய்கிறார் என்று தெரிந்ததும் என்ன நடக்கிறது? "அவங்க மாதிரி டீம் ஸ்பிரிட் யாருக்கு வரும்" என்று மீட்டிங்கில் ஒரு கைதட்டல், அடுத்த நாளிலிருந்து ஆண்டு விழா அவர் தலையில், தேர்வுப் பொறுப்பு அவர் தலையில், எல்லா சப்ஸ்டிடியூஷனும் அவர் தலையில். செய்யாதவர் நிம்மதியாக இருப்பார், ஏனென்றால் அவரிடம் கொடுத்தால் நடக்காது என்று நிர்வாகத்துக்கே தெரியும். இப்படித்தான் நல்ல மனிதர்களை ஐந்தாறு வருஷத்தில் உலர வைத்துவிடுகிறோம், அப்புறம் அவர் ஒரு நாள் "முடியாது" என்று சொன்னால், "முன்னே மாதிரி இல்லை, மாறிட்டாங்க" என்று ஸ்டாஃப் ரூமிலேயே பேசுகிறோம். காலியாக இருக்கிற பணியிடத்தை நிரப்பாமல், அந்த வேலையைச் சக ஆசிரியர்களின் நல்ல மனசின் மேல் ஏற்றிவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பது இன்னும் மோசம். எங்கள் நட்பு எங்களுடையது. அதை வைத்து யாரும் பட்ஜெட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நன்றி சொல்வதையும் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. "நீங்க ரொம்ப சப்போர்ட்டிவ்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் அது யாருக்கும் ஒட்டாது. அந்தப் பாதி பெருசா என்கிற கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன் என்று அந்தக் கணக்கு டீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவருக்கு அது நினைவே இல்லை, "நானா சொன்னேன்?" என்றார், ஆனால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருந்தது. பிள்ளைகளிடமும் சொல்லலாம், "இந்தக் கேள்வி எனக்கு அந்த மிஸ் சொல்லிக் கொடுத்தது" என்று. ஆசிரியரும் இன்னொருவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறார் என்று தெரிந்தால் அவர்களுக்கு நல்லதுதானே.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளியிலும் சப்ஸ்டிடியூஷன் பதிவேடு இருக்கிறது, யார் யாருக்காக எந்தப் பீரியட் பார்த்தார் என்று தேதியோடு இருக்கிறது. மாதக் கடைசி மீட்டிங்கில் சால்வையும் வேண்டாம் சொற்பொழிவும் வேண்டாம், அந்தப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைச் சத்தமாக வாசித்துவிடுங்கள், இரண்டு நிமிஷம்தான் ஆகும். அப்படியே, அதிகத் தடவை பெயர் வந்திருக்கிறவருக்கு அடுத்த மாதம் ஒன்றும் போடாதீர்கள்.