கடற்கரை கார் நிறுத்துற இடமில்லை, அண்ணாச்சி

உவரி, மணப்பாடுன்னு நம்ம தெக்கத்தி மீன்பிடி ஊருகள்ல ஞாயித்துக்கிழமையானா மணல் பூரா டயர்த் தடம். உவரி கோயில்ல கப்பல் மாதாவைக் கும்பிட வாங்க, அந்தோணியாருக்கு நேர்ச்சை செலுத்துங்க, யாரு வேண்டாங்கா? காரை எதுக்கு வலை மேல ஏத்துதிய?

“லேசாத்தான் ஏறுச்சு, ஒண்ணும் ஆகல”ங்காங்க. ஆகியிருக்கு! காயப்போட்டது நைலான் நரம்பு. டயர் அழுத்துனா அடியில கிடக்க சிப்பித் துண்டு நரம்பைக் கீறிரும். அறுந்தா கண்ணுல படும், கீறல் படாது. கடல்ல மீன் பாரத்தோட இழுக்கையில அந்த இடம் விட்டு, வலையோட ஓட்டையான கண்ணி ஒவ்வொண்ணாக் கிழியும், பட்ட மீனெல்லாம் போச்சு. பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ள கண்ணின்னா, ஒரு சதுர அடி கிழிசலைப் பின்னிப் பொத்த 200 முடிச்சுக்கு மேல வேணும். அதுக்கும் முன்னால பிய்ஞ்ச ஓரத்தை முழுக் கண்ணி வரைக்கும் வெட்டிச் சுத்தம் பண்ணணும். அந்த நேரத்துக்குக் கூலி யாரு குடுக்கது?

காலையில வள்ளம் கரையேறும்போது குறுக்க நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. ஆழம் குறைஞ்சதும் விசிறி தரையில தட்டிரும்னு இன்ஜினைத் தூக்கிருவாங்க. அதுக்கப்புறம் வள்ளத்தைக் கொண்டுவரது அலைதான். பிரேக் கிடையாது, பின்னால எடுக்க முடியாது. கையைக் காட்டி விலகச் சொன்னா, திட்டுதாங்கன்னு வீடியோ போடுதிய.

நெத்திலி காயுற இடத்துல மூக்கைப் பொத்திக்கிட்டே மிதிச்சிட்டுப் போறது தனிக் கொடுமை. ஈரத்துல ஒட்டுன மண்ணு காய்ஞ்சபிறகும் உதிராது, வியாபாரி விலையைக் குறைச்சிருவாரு. உடைஞ்ச பீர் பாட்டிலைப் பத்திச் சொல்லவே வேண்டாம். வெறுங்காலோட வலை இழுக்க கரை இது.

சட்டமும் சுற்றுலா பக்கம்தான் சாயுது. 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில, ஊர்ப்புறக் கரையில 200 மீட்டருக்குப் பொதுவாப் புதுக் கட்டடம் கூடாது. 2019-ல ஜன நெருக்கமுள்ள ஊருக்கு அதை 50 மீட்டராக் குறைச்சாங்க. சுற்றுலாவுக்குத் தற்காலிகக் குடில் போட, அலை ஏறுற எல்லையில இருந்து 10 மீட்டர் தள்ளுனாப் போதுமாம். அப்போ வள்ளத்தை எங்க ஏத்த? வலையை எங்க விரிக்க?

கரைக்கு இறங்குற ஒவ்வொரு பாதையிலயும் ரெண்டு கல்தூணை நட்டுச் சங்கிலி போடுங்க. மீன் வண்டியும் ஐஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் மட்டும் உள்ள போகட்டும். சாவி ஊர்க் கமிட்டி கையில இருக்கட்டும். சுற்றிப் பார்க்க வாறவங்க வண்டியை ரோட்டுல விட்டுட்டு நடந்து வரட்டும்.